இரண்டு கைதட்டலுக்கு நடுவே

எங்கள் அலுவலகத்தில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளி கூட உதட்டைப் பிதுக்குவார். ஐயையோ அக்கா என்றால்தான் தெரியும். பார்வையில்லாதவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து, அவரவர் போனுக்கு அனுப்பிவைக்கிற இடம் எங்களுடையது. அவர் வாசிப்பவர். நான் வெட்டுபவள். அதனால் என்னைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார். பெற்றவர்கள் யோசித்து வைத்த பெயர் எனக்கும் ஒன்று இருக்கிறது, யாருக்கு வேண்டும் அது.

ஒலிப்பதிவு அறை தரைத்தளத்தில், தாழ்வாரத்தின் கோடியில் இருக்கிறது. சுவர், கதவு, கூரை எல்லாவற்றிலும் பஞ்சுத் தட்டி அடித்து, வெளிச் சத்தம் உள்ளே வராமல், உள்ளே கத்தினாலும் வெளியே கேட்காமல் செய்திருக்கிறார்கள். அங்கே அவர் தனியாக உட்கார்ந்து வாசிப்பார். அது கோப்பாக மாடியில் இருக்கும் என் கணினிக்கு வந்து சேரும். நாக்குப் பிசகினால் வாசிப்பவர் ஒரு தடவை கைதட்ட வேண்டும், பிறகு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து வாசிக்க வேண்டும். இது எங்கள் ஏற்பாடு. கைதட்டல் என் திரையில் ஆணி அடித்தாற்போல் நெட்டுக்குத்தாக ஒரு கோடாக நிற்கும். கோட்டைப் பார்த்து, பிசகியதை வெட்டியெறிந்துவிட்டு, நல்லதை ஒட்டிவிடுவேன். கேட்பவருக்கு ஒன்றும் தெரியாது.

மற்றவர்கள் நாக்குப் பிசகினால் மட்டும் தட்டுவார்கள். ஐயையோ அக்கா மனசு பிசகினாலும் தட்டுவார். ஒரு தட்டு, ஒரு திட்டு, மறுபடி ஒரு தட்டு. நடுவில் இருப்பது கதாபாத்திரங்களுக்கும் எழுதியவருக்கும் அவர் கொடுக்கிற அர்ச்சனை. எந்தப் புத்தகத்தையும் முன்கூட்டிப் புரட்டிப் பார்க்கிற வழக்கம் அவரிடம் கிடையாது. "முன்னாடியே தெரிஞ்சுட்டா குரல்ல உசிரு இருக்காதுடி" என்பார். அதனால் ஒவ்வொரு சாவும், ஒவ்வொரு துரோகமும் மைக் முன்னால்தான் அவருக்குத் தெரியவரும். ஐம்பத்தெட்டு வயசுப் பெண்மணி, அறைக்குள் தனியாக உட்கார்ந்துகொண்டு "ஐயையோ, அடப்பாவி" என்று அலறுவதை யாரும் கேட்பதில்லை என்று நினைத்திருந்தார். "நீ எங்க கேக்கப் போற? கோட்டப் பாப்ப, வெட்டுவ" என்று என்னிடமே சொல்வார்.

நான் வெட்டவே இல்லை. அதாவது, வெட்டினேன். ஆனால் வெட்டாத பிரதியையும் எனக்கென்று தனியாக ஒரு கோப்புறையில் சேர்த்து வைத்துக்கொண்டேன். மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, காதில் மாட்டிக் கேட்பேன். எட்டு வருடமாக அதுதான் என் பொழுதுபோக்கு. புத்தகம் மட்டமாக இருந்தாலும் திட்டு பிரமாதமாக இருக்கும். இது தப்பு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் செய்தேன்.

திட்டு விஷயத்தில் அப்படியென்றால், வாசிப்பு விஷயத்தில் அவர் நேர் எதிர். அச்சில் இருக்கிற ஒரு சொல்லைத் தாண்ட மாட்டார், ஒரு சொல்லைச் சேர்க்க மாட்டார். பதிப்பகத்தின் விலாசம், அச்சகத்தின் விலாசம், எல்லாவற்றையும் வாசிப்பார். ஒருமுறை ஒரு புத்தகத்தில் எண்பது, எண்பத்தொன்றாம் பக்கங்கள் தவறுதலாக இரண்டு தடவை சேர்ந்து தைக்கப்பட்டிருந்தன. இரண்டு தடவையும் வாசித்து வைத்திருந்தார். எனக்குக் கோபம் வந்து கீழே இறங்கிப் போனேன்.

"ஏன்க்கா, கேக்கறவங்களுக்குப் பைத்தியம் பிடிக்காதா?"

"என்ன இருக்கோ அத வாசிக்கணும். அத மாத்த நான் யாரு? நீ யாரு?" என்று முகம் சிவக்கக் கத்தினார். ஒரு அற்ப விஷயத்துக்கு இவ்வளவு ஆவேசமா என்று நினைத்துக்கொண்டே மாடிக்குத் திரும்பினேன். பிடிவாதக்காரி என்று முடிவு கட்டிவிட்டேன். வேறு காரணம் இருக்கும் என்று யோசிக்கிற அளவுக்கு எனக்குப் பொறுமை கிடையாது.

போன மாதம் அவருக்கு ஒரு மாயக்கதைப் புத்தகம் வந்தது. அறுநூற்றுப் பத்து பக்கம், தலைக்கு வைத்துப் படுக்கலாம். கடலுக்கடியில் ஒரு உப்பு நகரம், அதற்கு ஒரு குட்டி இளவரசி, அவளைச் சுமந்து திரிகிற ஆறுகால் குதிரை, எல்லாவற்றுக்கும் வாயில் நுழையாத பெயர்கள். "இதெல்லாம் பேரா, தும்மலா?" என்று முதல் பக்கத்திலேயே கைதட்டிவிட்டார். அதன் பிறகு வரைபடம். இந்த மாதிரிப் புத்தகங்களில் கதைக்கு முன்னால் ஒரு வரைபடம் போட்டுவிடுகிறார்கள். பார்வையில்லாதவருக்கு அதை எப்படி வாசிப்பது? எல்லோரும் விட்டுவிடுவார்கள். இவர் அரை மணி நேரம் வாசித்தார். வடக்கே மலை, மலைக்குக் கிழக்கே ஒரு கோட்டை, கோட்டைக்குக் கீழே ஒரு ஆறு. அப்புறம் ஒரு தட்டு. "ஆறு எங்கடா போகுது? கடல் இந்தப் பக்கம் இருக்கு, ஆறு அந்தப் பக்கம் மலை மேல ஏறுதே!"

புத்தகத்தின் முதல் பகுதியை அனுப்பின மறுநாளே பெரியக்காவிடமிருந்து எனக்குப் போன் வந்தது. பெரியக்கா என்பது ஐயையோ அக்காவின் உடன்பிறந்த அக்கா. எங்களிடம் புத்தகம் வாங்கிக் கேட்கும் முப்பத்தெட்டுப் பேரில் ஒருவர். பதினொரு வருடத்துக்கு முன்பு பார்வை போனவர். அதற்கு முன்னால் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிற வேலை. தங்கையும் அவரும்தான் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், வேறு யாரும் இல்லை. தங்கை இந்த வேலைக்கு வந்ததே அக்கா கேட்பதற்காகத்தான் என்று எல்லோரும் சொல்வார்கள்.

"கத்திரி, அந்த ஆறு மலை மேல ஏறுதே, அது வரைஞ்சவன் தப்பா, என் தங்கச்சி வாசிச்ச தப்பா?" என்றார் பெரியக்கா.

"வரைஞ்சவன் தப்புதான் பெரியக்கா."

"நெனச்சேன். அவ தப்பா வாசிக்க மாட்டா."

அதை அப்போது நான் சும்மா கேட்டுக்கொண்டேன்.

அந்த மாயக்கதை ஐயையோ அக்காவைப் படுத்தியெடுத்துவிட்டது. நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஆறுகால் குதிரை செத்துப்போனது. இளவரசியைக் கரை சேர்த்துவிட்டு, அலையிலேயே கரைந்துபோகிறது. பதிவில் ஒரு தட்டு, அப்புறம் மூக்கு உறிஞ்சுகிற சத்தம், அப்புறம் "ஏன்டா கொன்ன? அது உன்ன என்ன பண்ணுச்சு?" என்ற கேள்வி. அடுத்த இரண்டு நாள் தொண்டை சரியில்லை என்று விடுப்பு. ஐந்நூற்று எண்பதாம் பக்கத்தில், இளவரசியைத் தூக்கி வளர்த்த செவிலித்தாயே நகரத்தின் கதவை எதிரிக்குத் திறந்துவிட்டாள். அங்கே விழுந்த கைதட்டல் எட்டு வருடத்தில் நான் பார்த்ததிலேயே உயரமான கோடு. "அடிப்பாவி! ஐயையோ! நீ வளர்த்தவடி! வளர்த்த கையாலயா?" நான் சாப்பாட்டுக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தேன்.

அதற்கடுத்து வந்தது ஒரு ஒல்லிப் புத்தகம். விருது வாங்கிய நாவல் என்று அட்டையில் போட்டிருந்தது. ராஜா கிடையாது, குதிரை கிடையாது. ஒரு அம்மா, இரண்டு மகன்கள். பெரியவன் கப்பலில் வேலைக்குப் போய்விடுகிறான். அவன் வந்தால் தங்குவதற்கென்று அம்மா ஒரு அறையை வருடா வருடம் வெள்ளையடித்து வைக்கிறாள். அவளுக்கு எழுத்து தெரியாது. வருகிற கடிதங்களைச் சின்னவன் வாசித்துக் காட்டுவான். முதல் மூன்று அத்தியாயங்களில் அக்காவின் கைதட்டல்கள் எல்லாம் ஒரே மாதிரிதான். "நாப்பது பக்கம் போச்சு, ஒருத்தனும் எடத்த விட்டு நகரல." "வெள்ளையடிக்கிறதையே ஆறு பக்கத்துக்கு எழுதியிருக்கான், இவனே நாலு வீட்டுக்கு அடிச்சிருப்பான் போல." நாலாவது அத்தியாயத்திலிருந்து தட்டு குறைந்தது. ஐந்தில் ஒன்றே ஒன்று. ஆறில் ஒன்றுகூட இல்லை. சின்னவன் அண்ணனின் கடிதத்தைப் பிரிக்கிற இடத்தில் ஆறாவது அத்தியாயம் முடிந்தது.

ஏழாவது அத்தியாயம் ஒரு வெள்ளிக்கிழமை என் கைக்கு வந்தது. அக்கா புத்தகத்தை முந்தின நாளே முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கியிருந்தார். நான்தான் இரண்டு நாள் பின்தங்கி வெட்டிக்கொண்டிருந்தேன். திரையில் பார்த்தேன்: ஒரே ஒரு இடத்தில் இரண்டு ஆணிகள், நடுவில் நீளமான இடைவெளி. ஆகா, இன்றைக்கு நல்ல விருந்து இருக்கிறது என்று நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டேன். மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கேட்காமலே கோட்டைப் பார்த்து வெட்டினேன். ஒரு பிரதி அனுப்புவதற்கு, ஒரு பிரதி எனக்கு. பத்து மணிக்கு அனுப்பிவைத்தேன்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, காலையிலிருந்து திரையில் திறந்தபடியே கிடந்த மூலப்பதிவையே ஓடவிட்டு, காதில் மாட்டினேன்.

சின்னவன் கடிதத்தைப் பிரிக்கிறான். அண்ணன் எழுதியிருக்கிறான்: இங்கேயே எனக்குக் குடும்பமாகிவிட்டது, இனி நான் வரமாட்டேன், அம்மாவிடம் பக்குவமாகச் சொல். அம்மா சுண்ணாம்புக் கையோடு எதிரில் நிற்கிறாள். சின்னவன் வாசிக்கிறான்: "அம்மா, அடுத்த வருஷம் கட்டாயம் வந்துவிடுவேன்."

தட்டு.

நான் அலறலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. எண்ணிப் பார்த்தேன், இருபது விநாடிக்கு மேல். பிறகு அவர் பேசினார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"ஐயையோ. இவனுக்கு எப்படித் தெரியும்? நானும் இதத்தான் பண்ணேன். இதேதான். அக்காவோட கண்ணு ரிப்போர்ட்டு தபால்ல வந்தப்போ, எனக்குப் பயமா இருக்கு, நீயே பிரிச்சு வாசின்னு என்கிட்டதான் குடுத்தா. எட்டு மாசத்துலேருந்து பன்னெண்டு மாசத்துக்குள்ள பார்வை முழுசா போயிடும், வைத்தியம் கெடையாதுன்னு எழுதியிருந்துச்சு. அவ எதிர்ல நின்னு என் மூஞ்சியவே பாத்துட்டிருக்கா. என் வாயி என்ன சொல்லுச்சு தெரியுமா? இப்ப இருக்கற மாதிரியே இருக்கும், பயப்பட ஒண்ணுமில்லன்னு வாசிச்சேன். எழுத்த பாத்துக்கிட்டே வாசிச்சேன். அப்புறம் மங்க ஆரம்பிச்சப்போ வேற டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன், பழைய ரிப்போர்ட்டக் காட்டவே இல்ல. அதுகூடப் பரவால்ல. அந்த வருஷம் அவ கேட்டா, ஏண்டி, கழிமுகத்துக்கு ஒரு தடவ போயிட்டு வருவமான்னு. அந்த ஆத்தப் பதினோரு தடவ வரஞ்சிருக்கா. அது கடல்ல சேர்ற எடத்த ஒரு தடவகூட நேர்ல பாத்ததில்ல. நான் உடனே சரின்னு சொன்னா சந்தேகப்படுவாளோன்னு பயந்துட்டேன். அடுத்த வருஷம் போலாம்க்கான்னு சொன்னேன். தெரிஞ்சே சொன்னேன்."

மறுபடி ஒரு தட்டு. அதன் பிறகு, "அம்மா சுவரைப் பார்த்துச் சிரித்தாள்" என்று சொல் பிசகாமல் நாவல் தொடர்ந்தது.

சாப்பாட்டுப் பெட்டியை மூடிவைத்தேன். அச்சில் இருப்பதை மாற்ற நீ யார், நான் யார் என்று அவர் கத்தியதன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. எட்டு வருடமாக நான் சிரித்துக்கொண்டு கேட்டதெல்லாம் எனக்குக் கொடுக்கப்பட்டது இல்லை, நான் திருடியது என்பதும் அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. இதையாவது அழித்துவிடலாம் என்று என் கோப்புறையைத் திறந்தேன்.

அங்கே வெட்டின பிரதி இருந்தது.

ஒரு நிமிடம் புரியவில்லை. அனுப்பின பட்டியலைப் பார்த்தேன். பத்து மணி, ஏழாவது அத்தியாயம். அதன் நீளத்தைப் பார்த்தேன். இரண்டு பிரதிக்கும் ஒரே மாதிரிப் பெயர் வைக்கிற என் சோம்பேறித்தனத்தில், எனக்கென்று வைத்துக்கொண்டதை முப்பத்தெட்டுப் பேருக்கும் அனுப்பிவிட்டிருந்தேன். அனுப்பினால் அனுப்பினதுதான், எங்கள் ஏற்பாட்டில் திரும்பப் பெற வழியில்லை. அந்தந்தப் போனில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதில் ஒரு போன் பெரியக்காவுடையது.

எப்படிப் படியிறங்கினேன் என்று தெரியாது. சிவப்பு விளக்கு எரியும்போது பதிவறைக் கதவைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். திறந்தேன். ஐயையோ அக்கா கைதட்டினார், பழக்கதோஷம்.

"என்னடி, தீ கீ பிடிச்சிருச்சா?"

சொன்னேன். என் கோப்புறையைப் பற்றி, எட்டு வருடத்தைப் பற்றி, பத்து மணியைப் பற்றி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். கன்னத்தில் ஒன்று விடுவார் என்று எதிர்பார்த்தேன், விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. ஐயையோ என்றுகூடச் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"அக்கா மூணு மணிக்குத்தான் கேப்பா. டீ குடிச்சுட்டுத்தான் உக்காருவா. இப்ப மணி என்ன?"

"ஒண்ணே முக்கால்."

"பையை எடு."

பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். போனை வாங்கி அந்த ஒன்றை மட்டும் அழித்துவிட்டு, வெட்டின பிரதியை ஏற்றிவிடலாம், இரண்டு நிமிட வேலை என்றேன். சரி என்று தலையாட்டினார். இரண்டு நிறுத்தம் தாண்டியதும், "வேணாம், நானே சொல்லிடறேன்" என்றார். அடுத்த நிறுத்தத்தில் "அழிச்சிடு கத்திரி, அழிச்சிடு" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி இன்னும் எனக்கு ஞாபகமிருக்கிறது. பதினொரு வருடமாகச் சமைத்துப் போட்டு, துணி எடுத்துக் கொடுத்து, கைபிடித்துத் தெருவைத் தாண்டவைத்து, வாசித்துக் காட்டி வாழ்ந்தவர். அத்தனையும் ஒரு பொய்க்கான அபராதம் என்று பெரியக்கா நினைத்துவிட்டால் அவருக்கு வேறு என்ன மிச்சம்? எனக்கு அழுகை வந்தது. எனக்கு அழ என்ன யோக்யதை என்று அடக்கிக்கொண்டேன்.

அவர்கள் வீடு மூன்றாவது மாடியில். முன்னறையில் ஜன்னலோரம் ஒரு சாய்வான மேசை. பெரியக்கா வரைந்த காலத்து மேசை, இப்போது அதில் மருந்துகளும் ரேடியோவும் வழுக்காமலிருக்க ஒரு கம்பளித் துணியும் இருந்தன. கதவைத் திறந்தபோது மணி இரண்டே கால். பெரியக்கா மேசை முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். போன் மடியில் இருந்தது. டீ, ஆடை படிந்து, தொடாமல் இருந்தது.

"சீக்கிரம் வந்துட்ட" என்றார். "கூட யாரு? கத்திரியா?"

"ஆமா பெரியக்கா" என்றேன். "போனக் கொஞ்சம் குடுங்க, ஒண்ணு சரிபண்ணணும்."

"எதச் சரிபண்ணப் போற?"

தங்கை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மூணு மணி வரைக்கும் யாரால பொறுக்க முடியும்?" என்றார் பெரியக்கா. "கடுதாசியப் பிரிக்கிற எடத்துல கொண்டுவந்து நிறுத்திட்டீங்க. பன்னெண்டு மணிக்கே கேட்டுட்டேன். அப்புறம் இன்னொரு தடவ கேட்டேன். மொதத் தடவ, இதுவும் அந்தக் கதையில வர்றதுன்னு நெனச்சுட்டேன். கதையில இன்னொரு அக்கா, இன்னொரு தங்கச்சின்னு. கழிமுகம்னு வந்தப்புறம்தான்..."

ஐயையோ அக்கா அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

"அக்கா."

"பேசாத." பெரியக்கா சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அந்த ரிப்போர்ட்டு எங்க?"

"பீரோவுல இருக்கு. நீலக் கோப்புல."

"தூக்கிப் போடலயா?"

"முடியலக்கா."

"எடுத்துட்டு வா."

நான் நழுவப் பார்த்தேன். "பெரியக்கா, நான் கெளம்பறேன், நீங்க ரெண்டு பேரும்..."

"நீ எங்க போற? உக்காரு. வெட்டறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் கேக்கறவதான நீ, இதையும் கேட்டுட்டுப் போ."

உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது.

தங்கை கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மடிப்புகளில் பிளந்து, பின்பக்கம் டேப் ஒட்டியிருந்தது. எத்தனை தடவை பிரித்து மடித்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பிரித்ததில் தாள் சலசலத்தது. அந்தச் சத்தத்தின் பக்கம் பெரியக்கா முகத்தைத் திருப்பினார். பிறகு இரண்டு கையையும் மடியிலிருந்து தூக்கி, ஒரே ஒரு தடவை, பலமாகத் தட்டினார்.

எங்கள் இருவருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

"தப்பா வாசிச்சா ஒரு தட்டுன்னு நீதான சொல்லியிருக்க. தட்டிட்டேன். மொதல்லேருந்து வாசி."

ஐயையோ அக்கா வாசித்தார். மருத்துவமனையின் விலாசம், தொலைபேசி எண், கோப்பு எண், தேதி என்று எல்லாவற்றையும், ஒன்று விடாமல், அச்சகத்து விலாசத்தைப் படிக்கிற அதே குரலில் வாசித்தார். இரண்டாவது பத்தி வந்தது. "பரிசோதனைகளின்படி, எட்டு மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் இரு கண்களிலும் பார்வை முழுவதுமாக இழக்கப்படும். தற்போது இதற்குச் சிகிச்சை இல்லை. எஞ்சியுள்ள காலத்தில் தாங்கள் பார்க்க விரும்புகிறவற்றைத் தள்ளிப்போடாமல் பார்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பதிவில் அவர் சொல்லவே இல்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். டாக்டர் எழுதியே வைத்திருக்கிறார். தள்ளிப்போடாமல் என்று எழுதியே வைத்திருக்கிறார்.

பெரியக்கா விரலால் மேசையின் சாய்வில் எதையோ கோடு இழுத்தார், மேலிருந்து கீழாக, வளைந்து வளைந்து, ஓரம் வரைக்கும்.

"அந்த வருஷம் நாப்பத்தொரு நாள் லீவு மிச்சம் வச்சிருந்தேன்" என்றார். "அடுத்த வருஷம் சேத்துப் போலாம்னு. ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சாங்க."

"நான் வேணும்னு பண்ணலக்கா. உன் மூஞ்சியப் பாத்ததும் வாசிக்க முடியல. சத்தியமா முடியல."

"என் மூஞ்சிய நீ பாத்த. உன் மூஞ்சிய நான் பாத்திருக்க வேண்டிய நாளையெல்லாம் நில அளவை ஆபீஸ்ல உக்காந்து கோடு போட்டுத் தீத்துட்டேனேடி."

தங்கை தாளை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து அழுதார். பெரியக்கா அழவில்லை. கை நீட்டவும் இல்லை. கதவுக்கு வெளியே யாரோ மாடிப்படியில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறுகிற சத்தம் கேட்டது. அது நின்ற பிறகு பெரியக்கா கேட்டார்:

"அந்த அம்மாவுக்குக் கடைசியில தெரியவருதா?"

எனக்கு ஒரு கணம் யாரைச் சொல்கிறார் என்று விளங்கவில்லை. தங்கைக்கு விளங்கிவிட்டது. புத்தகத்தை முடித்தவர் அவர்தானே.

"தெரியவருது. ஒம்பதாவது அத்தியாயத்துல."

"என்ன பண்றா?"

"வெள்ளையடிக்கிறத நிறுத்திடறா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"சின்னவன் கூடப் பேசறாளா, இல்லையா?"

ஐயையோ அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆமாம், பேசுகிறாள், மன்னித்துவிடுகிறாள் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த நிமிடத்தில் பெரியக்காவால் சரிபார்க்க முடியாது. அவருடைய உதடு அசைந்ததை நான் பார்த்தேன்.

"அத எழுதலக்கா" என்றார். "அப்படியே விட்டுட்டான்."

பெரியக்கா தலையை ஆட்டினார். பிறகு மடியிலிருந்த போனை எடுத்து, நான் இருக்கிற திசையில் நீட்டினார். அழிக்கச் சொல்கிறார் என்று நினைத்து வாங்கப் போனேன். அவர் கொடுக்கவில்லை, இறுக்கிப் பிடித்திருந்தார்.

"எட்டாவது அத்தியாயம் எப்ப வரும்?"

"திங்கக்கெழம பெரியக்கா."

"அதுலயும் இவ ஏதாவது பேசியிருக்காளா?"

நான் தங்கையைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, ஆமாம் என்று தலையசைத்தார்.

"பேசியிருக்காங்க" என்றேன்.

"எனக்கு மட்டும் வெட்டாம அனுப்பு."